கால்புள்ளிக்குக் கிடைத்த கம்பளிக் கோட்டு

சகலைக்குச் சிவப்பு அட்டை கிடைத்த நாளிலிருந்து கால்புள்ளிக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. சோற்றின்மேல் குற்றமில்லை. சகலை மாடியில் குடியிருந்தார், அதுதான் குற்றம். கால்புள்ளி கீழ்வீட்டில் தட்டின் முன் உட்காரும் நேரம் பார்த்து மேலே சகலை சிரிப்பார். ரேடியோ கேட்டுச் சிரித்திருப்பார், பாவம். ஆனால் வயிறு எரிகிறவன் காதுக்கு ரேடியோ தனியாகவும் ஏளனம் தனியாகவுமா கேட்கும்?

இருவருக்கும் மாமனார் ஒருவரே. அக்காவைக் கட்டியவர் சகலை, தங்கையைக் கட்டியவர் கால்புள்ளி. மாமனார் வீட்டில் ஃபேனுக்கு நேர்கீழே ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் எந்த மருமகன் உட்காருவது என்பது அவரவர் வேலையிடத்து மதிப்பைப் பொறுத்தது. அந்த வேலையிடமும் இருவருக்கும் ஒன்றாகவே வாய்த்துத் தொலைத்தது. அதுதான் நகரக் கணிப்பு நிலையம்.

நகரத்துக்கென்று ஒரே ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, மண்டபம் போன்ற அறையில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் குடிவைத்திருந்தார்கள். மனிதர்கள் விசிறிக்கொண்டு வேலை பார்த்த அந்தக் கட்டடத்தில் அதற்கு மட்டும் ஏசி. புரோகிராம் எழுதுகிறவர்கள் அதன் கிட்டே போகக் கூடாது. தாளில் எழுதி, வரிக்கு ஓர் அட்டையாகத் துளைபோட்டு வாங்கி, வரிசை குலையாமல் ரப்பர் பேண்டு மாட்டி, கண்ணாடிச் சுவரிலிருந்த சின்ன ஜன்னலில் பணிவோடு நீட்டவேண்டும். உள்ளே இருப்பவர்கள் பச்சைக்குழந்தைக்கு ஊட்டுவதுபோல அட்டைகளை இயந்திரத்துக்கு ஊட்டுவார்கள். அது தின்று பார்த்துவிட்டு விடையோ வசவோ நீளத் தாளில் அச்சடித்துத் தள்ளும். பெரும்பாலும் வசவுதான்.

கால்புள்ளிக்கு அந்தப் பேர் வந்த கதையும் அதுதான். அவருடைய முதல் கட்டு உள்ளே போய், ஒரு வாரம் ஊறி, ஒற்றை வரியோடு திரும்பி வந்தது: ஒரு கால்புள்ளியைக் காணோம். திருத்திக் கொடுத்தார். இன்னொரு வாரம் போயிற்று. இப்போது வேறோர் இடத்தில் கால்புள்ளியைக் காணோம். அடுத்த முறை ஜன்னல் அதிகாரியே கண்ணாடிக்குள்ளிருந்து, "யாருப்பா அந்தக் கால்புள்ளி? வந்து வாங்கிட்டுப் போ!" என்று கூவினார். பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பேர் அன்றோடு போயிற்று. பிற்பாடு மாமனாரே, "கால்புள்ளி வந்திருக்காரா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்தச் சிவப்பு அட்டை சமாசாரத்தைச் சொல்லிவிடவேண்டும். ஒவ்வொரு கட்டின் தலையிலும் எழுதியவர் பேரோடு ஓர் அட்டை இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது பழுப்பு. சிலருக்கு மட்டும் சிவப்பு. சிவப்பு போட்ட கட்டு காத்திருக்காது, வந்த கையோடு உள்ளே போய்விடும். யாருக்குச் சிவப்பு தருவார்கள்? ஒரு புரோகிராமையாவது பிழையில்லாமல் ஓட்டிக் காட்டியவருக்கு. பிழையை எப்படிப் போக்குவது? அடிக்கடி ஓட்டிப் பார்த்துத்தான். அடிக்கடி ஓட்டிப் பார்க்க என்ன வேண்டும்? சிவப்பு அட்டை. இந்த விதியை வகுத்த மேதையின் படத்தை நிலையத்து வாசலில் மாட்டி, தினமும் துடைக்க ஓர் ஆளும் போட்டிருந்தார்கள்.

இத்தனை முடிச்சுக்கு நடுவில் சகலையின் முதல் கட்டு மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் ஓடிவிட்டது. அப்படி ஓடினால் உள்ளே வெண்கல மணியை அடித்து, தாளைத் தள்ளுவண்டியில் வைத்து டைரக்டர் அறைக்குக் கொண்டுபோவது நிலையத்து மரபு. வண்டி போகிற வழியில் இருப்பவர்கள் எழுந்து நிற்கவேண்டும். கால்புள்ளியும் எழுந்து நின்றார். உட்காரத்தான் நெடுநேரம் பிடித்தது. தாளைப் படித்த டைரக்டர் கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டே வெளியே வந்து, "மெஷினுக்கு ஆள் தெரியுதுய்யா" என்றாராம். யாருக்கும் அர்த்தம் விளங்கவில்லை. விளங்காததெல்லாம் விஞ்ஞானம் என்று கைதட்டினார்கள்.

அதோடு போயிருந்தால் கால்புள்ளி தேறியிருப்பார். கண்ணாடி அறைக்குள் வேலை பார்த்த ஒருவர், வருஷக்கணக்காகக் குளிரில் நின்று மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு ஓய்வு பெற்றார். ஓர் இடம் காலியாயிற்று. இடத்தோடு ஒரு கம்பளிக் கோட்டும் காலியாயிற்று.

கோட்டு என்றால் லேசுப்பட்ட கோட்டு இல்லை. உள்ளே குளிர் என்பதற்காக நிலையம் தைத்துக் கொடுத்தது. ஆனால் வாங்கியவர் யாரும் அதை உள்ளே மட்டும் போட்டுக்கொண்டு நிறுத்தியதில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்தில் கம்பளிக் கோட்டோடு காய்கறிக் கடைக்குப் போவார்கள். வியர்வை ஆறாக ஓடும். கடைக்காரர் எழுந்து நிற்பார். அழுகின தக்காளி ஒன்றுகூடப் பையில் விழாது.

காலி இடத்துக்கு ஆள் எடுக்க டைரக்டர் ஒரு போட்டி வைத்தார். நகரத்தின் தண்ணீர்ப் பங்கீட்டுக்கு, அதாவது எந்தத் தெருவுக்கு எப்போது வால்வைத் திறப்பது என்பதற்கு, ஒரு புரோகிராம் எழுதவேண்டும். நிலையத்தின் ஆண்டு விழா அன்று எல்லாக் கட்டுகளையும் ஓட்டிப் பார்ப்பார்கள். பிழையில்லாமல் ஓடுவதற்குக் கோட்டு.

"விடை சரியா தப்பாங்கிறது நமக்கு முக்கியமில்லை" என்று டைரக்டர் கூட்டத்தில் விளக்கினார். "சரியான விடையை வால்வு திறக்கிற ஆள்கூடச் சொல்லிடுவான். அதுக்கு இவ்வளவு பெரிய மெஷின் எதுக்கு? பிழை இல்லாம ஓடணும். அதுதான் நம்ம பெருமை."

வால்வு திறக்கிற ஆள் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

அன்று சாயங்காலமே கீழ்வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"என்னங்க, அக்கா அந்துருண்டை வாங்கி வெச்சுட்டா" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"கம்பளிக் கோட்டு வந்தா பூச்சி அரிக்காம இருக்கத்தான்."

"கோட்டு யாருக்குன்னு இன்னும் சொல்லவே இல்லையேடி!"

"அதைத்தான் நானும் சொல்றேன். அவ வாங்கி வெச்சுட்டா. நாம என்ன வாங்கி வெச்சிருக்கோம்?"

கால்புள்ளி மறுநாளே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். குறை சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்து எழுதினார். மேட்டுத் தெருவுக்கு அழுத்தம் குறையும், பள்ளத் தெருவில் குழாய் பீறிடும், குளத்தில் தண்ணீர் இறங்க இறங்க எல்லாம் மாறும். அத்தனையும் கட்டுக்குள் வந்தது. வராதது அவருடைய பழைய சனியன்தான். ஒரு வரியில் கால்புள்ளி விட்டுப்போயிருந்தது, அதைத் துளைபோட்டு வாங்கத் துளைப்புப் பிரிவுக்குப் போனார். பிரிவின் மேற்பார்வையாளர் அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"போன மாசமும் கால்புள்ளிதானே வாங்கிட்டுப் போனீங்க? அதை என்ன பண்ணீங்க?"

"அது வேற வரியில இருக்கு மேடம்."

"அங்கேருந்து எடுத்து இங்க வெச்சுக்கக் கூடாதா?"

"அங்கேயும் வேணும் மேடம்."

"எல்லாருக்கும் எல்லா இடத்திலயும் வேணும்னா பிரிவு எப்படித் தாங்கும்? உங்க சகலை ஒரு நாளாவது கால்புள்ளி கேட்டு இங்க வந்து நின்னிருக்காரா?" அம்மாளுக்குக் கடைசியில் மனம் இரங்கியது. "முற்றுப்புள்ளி நிறைய மிச்சம் இருக்கு. ரெண்டு தரட்டுமா?"

கால்புள்ளி கெஞ்சிக் கூத்தாடி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்து ஜன்னல் அதிகாரி. அவர் கட்டை வாங்கி, முகர்ந்து பார்த்து, காதோரம் வைத்து ஆட்டினார்.

"ஈரம் தெரியுது."

"மழைக்காலம் சார்."

"மழை உனக்கு மட்டும் தனியாவா பெய்யுது? உன் சகலை கட்டைப் பாரு, சருகாட்டம் சலசலங்குது. கட்டு அப்படி இருக்கணும்."

அன்றிலிருந்து அட்டைக்கட்டு பிஸ்கட் டப்பாவில் வாழ்ந்தது. வீட்டில் யாரும் அதன் பக்கம் திரும்பித் தும்மக் கூடாது. துணி உலர்த்துவது கொல்லைப்புறத்தோடு நின்றது. இத்தனை காபந்து பண்ணியும் ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் நடுவில் ஓர் அட்டையைக் காணோம். வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மேசை ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணை மடிச்சுக் காலுக்குக் கீழ வெச்சேன். அளவெடுத்தாப்புல உக்காந்துடுச்சு."

"அடிப்பாவி, அது மேட்டுத் தெரு வால்வு!"

"மேசை இப்ப ஆடலையே, அதைப் பாருங்க."

மேட்டுத் தெருவை மறுபடி துளைபோட்டு வாங்கிக் கட்டில் சேர்த்தபோது ஆண்டு விழாவே வந்துவிட்டது. ஒரு தடவைகூடக் கட்டை ஓட்டிப் பார்க்க முறை கிடைக்கவில்லை. போட்டி அறிவித்ததிலிருந்து பழுப்பு அட்டைக்காரர்களுக்கு முறை என்பதே ஆண்டு விழா அன்றுதான். சகலையோ ஒரு நாளும் எழுதி யாரும் பார்த்ததில்லை. மாடியில் ரேடியோ பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. விழா நாள் காலையில் அவர் கொண்டுவந்து வைத்த கட்டோ இரண்டு கையால் தூக்கும் தடிமன். தலையில் சிவப்பு, ரத்தம்போல.

மத்தியானம் ஜன்னல் அதிகாரி சாப்பிடப் போனார். கட்டுகள் ஜன்னல் பலகையில் வரிசையாக இருந்தன. சகலையின் கட்டு முன்னால், கால்புள்ளியின் கட்டு கடைசியில். அடுத்தவர் அட்டையைத் தொட்டால் வேலை போகும் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. கால்புள்ளி அதைப் படித்தார். பிறகு சகலையின் கட்டைப் பார்த்தார். இந்தக் கட்டு ஓடும். எப்படியும் ஓடும். மணி அடிக்கும், வண்டி வரும், எழுந்து நிற்கவேண்டும். தன் கட்டில் எங்கேயோ ஒரு கால்புள்ளி இருக்காது. எப்போதுதான் இருந்தது? ஒரே ஒரு தடவை அந்த வசவு சகலை பேரில் வந்தால் எப்படி இருக்கும்? நினைத்த மாத்திரத்தில் வயிற்றில் தண்ணீர் ஊற்றினதுபோல் இருந்தது.

யோசிக்க நேரம் கொடுத்திருந்தால் செய்திருக்கமாட்டார். கை யோசிக்கவில்லை. இரண்டு ரப்பர் பேண்டையும் தளர்த்தி, தலை அட்டைகளை மட்டும் மாற்றியது. சிவப்பு தன் கட்டுக்கு, தன் பழுப்பு சகலை கட்டுக்கு. பிறகு முன்னது பின்னதாக இடத்தையும் மாற்றி வைத்துவிட்டு, கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. கால்புள்ளியும் கூடப் போனார்.

மூன்று மணி வாக்கில் ஓட்டம் ஆரம்பமாயிற்று. முதலில் சிவப்பு. இயந்திரம் அட்டைகளை விழுங்கியது, யோசித்தது. கால்புள்ளி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வசவுக்காகக் காத்திருந்தார்.

மணி அடித்தது.

சகலை பேரைச் சொன்னார்கள். கூட்டம் எழுந்து நின்றது. கால்புள்ளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கண்ணாடியிலிருந்து மூக்கைப் பிடுங்கிக்கொண்டார். பிழையில்லை! வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எழுதியது ஒரு கால்புள்ளிகூடக் குறையாமல் ஓடி, தெருத் தெருவாக விடை சொல்லி, சகலையின் பேரைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஊர்வலம் போகிறது. சகலை திருதிருவென்று விழித்துக்கொண்டே வாழ்த்துக்களை வாங்கிக்கொண்டிருந்தார்.

மற்றவர்களின் கட்டுகளெல்லாம் ஒழுங்காக வசவு வாங்கின. கடைசியில் கால்புள்ளியின் பழுப்பு. மறுபடியும் மணி.

ஒரே நாளில் இரண்டு மணி நிலையத்தின் சரித்திரத்தில் கிடையாது. கோட்டோ ஒன்று. டைரக்டர் இரண்டு தாள்களையும் மேடைக்கு வரவழைத்தார். முன்வரிசையில் விருந்தாளியாகத் தண்ணீர் வாரிய இன்ஜினியர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

டைரக்டர் சகலை பேர் போட்ட தாளை முதலில் விரித்தார். முகம் சுருங்கியது.

"இதுல பூரா எண்ணா இருக்கு. எண் போட்டா என்ன ஆகும்? ஒருத்தன் வந்து, இது ஏன் இவ்வளவுன்னு கேப்பான். அப்புறம் நாம பதில் சொல்லணும். பதில் சொல்றதுக்கா இந்த நிலையத்தை ஆரம்பிச்சோம்? இங்க பாருங்க, என் வீட்டுத் தோட்டத்து வால்வைப் பாதியா குறைச்சா நாலு தெருவுக்குத் தண்ணி போகும்னு போட்டிருக்கு. இது மெஷின் சொல்ற பேச்சா? மெஷினுக்கு எங்க தோட்டத்தைத் தெரியுமா?"

தாளை ஓரமாகப் போட்டார். கால்புள்ளி பேர் போட்டதை விரித்தார். முகம் மலர்ந்தது. கர்ச்சீப் வெளியே வந்தது. உரக்க வாசித்தார்.

"'டைரக்டர் அவர்களின் தொலைநோக்கே இந்த நகரத்தின் குளம். அவருடைய கருணையே குழாய். அவர் இருக்கும்வரை வால்வுகளுக்கு என்ன வேலை?' இப்படியே இருபது முப்பது பக்கம். கேட்டுக்கோங்க, இது மனுஷன் சொன்னதில்லை. மனுஷன் புகழ்ந்தா அவனுக்கு ஏதோ காரியம் ஆகணும்னு அர்த்தம். மெஷினுக்கு என்கிட்ட என்ன காரியம்? இன்கிரிமென்டா கேக்கப் போகுது?"

கால்புள்ளிக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. அட்டையின் முதல் கட்டத்தில் ஓர் அடையாளம் போட்டுவிட்டால் அது குறிப்பு அட்டை. படிக்கிற மனிதர்களுக்காக எழுதுவது. இயந்திரம் அதைக் கணக்கில் சேர்க்காது, அப்படியே அச்சடித்து வெளியே தள்ளிவிடும். சகலையின் கட்டு முழுக்கக் குறிப்பு அட்டைகள். ஒரு கணக்கும் இல்லை, அதனால் ஒரு பிழையும் இல்லை. அந்த முதல் மணியும் சிவப்பு அட்டையும் எப்படி வந்தன என்பதும் விளங்கிவிட்டது. இத்தனை நாள் இதற்காகவா வயிறு எரிந்தோம் என்று ஒரு பக்கம். இது நமக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று இன்னொரு பக்கம் கூடுதலாக எரிந்தது.

டைரக்டர் தன் கையாலேயே கோட்டை மாட்டிவிட்டார். கூட்டம் கைதட்டியது. விழா பார்க்க வந்திருந்த மாமனார் எழுந்து நின்று தட்டினார். இன்ஜினியர் மட்டும் மேடையோரம் கிடந்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இதை நான் எடுத்துட்டுப் போகலாமா?"

"குப்பைதானே, தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றார் டைரக்டர்.

வீட்டுக்கு வந்ததும் சகலை மாடிப்படியில் வழிமறித்தார்.

"என்ன சகல, கோட்டு நல்லாருக்கா? என் வார்த்தை, உன் தோள்."

"உங்க பேரு, என் கணக்கு. அதைச் சொல்லுங்க."

"போய்ச் சொல்லிடலாமா? என் சிவப்பு அட்டை உன் கட்டுக்கு மேல எப்படி நடந்து போச்சுன்னு கேப்பாங்க. உன் வேலை போகும்."

"சொல்லுங்களேன். உங்க கட்டுல ஒரு வரிகூடக் கணக்கு இல்லைன்னு நானும் சொல்றேன்."

சொன்னால் இருவர் பிழைப்பும் போகும். பிறகு சகலை படியில் உட்கார்ந்து இடம் விட்டார். கால்புள்ளியும் உட்கார்ந்தார். ஜென்மப் பகையாளிகளுக்குள் அவ்வளவு சீக்கிரத்தில் ஓர் ஒப்பந்தம் எந்த நாட்டிலும் ஏற்பட்டிருக்காது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. இன்ஜினியர் அந்தத் தாளின்படி வால்வுகளைத் திறக்கச் சொன்னார். மேட்டுத் தெருவில் குழாய் முதல்முறையாக இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. வாரியத்து ஆட்கள் சகலையைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். புதிதாக ஒரு தெரு சேர்ந்திருக்கிறது, கணக்கை மாற்றித் தரவேண்டும். சகலை அவர்களை உட்காரவைத்துவிட்டு, கீழே இறங்கி வந்து கால்புள்ளியின் காதைக் கடிப்பார். கால்புள்ளி எழுதிக் கொடுப்பார். சகலை பேரில் அது ஓடும். மறுபக்கம் டைரக்டருக்கு மாதம் தவறாமல் இயந்திரத்தின் பாராட்டு வேண்டும். கால்புள்ளி எழுதிப் பார்த்தார். 'டைரக்டர் நல்லவர்' என்பதற்கு மேல் ஓடவில்லை. மாடியேறிப் போய் நின்றார். சகலை ரேடியோவைக் குறைத்துவிட்டு, மூச்சுவிடாமல் பத்துப் பக்கம் சொன்னார். இப்படி ஒருவர் கட்டை ஒருவர் எழுத, இருவரும் பொழுதுக்கும் புகைந்துகொண்டிருந்தார்கள்.

மனைவியாவது மகிழ்வாள் என்று பார்த்தால், அவள் கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா குழாயடிக்குப் போனா எல்லாரும் வழிவிட்டு முதல் குடம் அவளுக்குத்தான்கிறாங்க. அத்தான் பேரைச் சொல்லித்தான் தண்ணியே பிடிக்கிறாங்க. நீங்க என்னத்தைச் சாதிச்சீங்க? குளிரே இல்லாத ஊர்ல கம்பளி!"

ஒரு நாள் காலையில் கால்புள்ளி கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். குழாயடியில் நாலைந்து பெண்கள்.

"மாடி வீட்டுக்காரர் கை பட்டா குழாய் சிரிக்குதுக்கா" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "எப்படித்தான் அந்த மேட்டுக்கு ஏத்தினாரோ!"

கால்புள்ளியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நின்றுவிட்டார்.

"அது அவ்வளவு லேசு இல்லம்மா. குளத்துல மட்டம் இறங்க இறங்க மேட்டுக்கு அழுத்தம் செத்துடும். அதனால மேட்டுக்கு முதல்ல திறந்து, பள்ளத்துக்கு அப்புறம் திறக்கணும். அங்கதான் சூட்சுமமே இருக்கு. அதை யோசிச்சுக் கண்டுபிடிக்கவே ஒருத்தனுக்கு..."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார், இது கணக்கு. நீங்க டைரக்டரைப் புகழ்ந்து எழுதுறவராச்சே."